வடக்குப் பாதை – 6: நடந்த வழிக்கும் கடன்

தம்புள்ளையில் பஸ் ஏறினால் மாத்தளைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். நாவுல, நாலந்தா, பலாபத்வெல, அலுவிகாரை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். வழி நெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள். அவற்றின் வாசலில் வெளிநாட்டுப் பயணிகளை இறக்கிவிட்டு நிற்கும் வேன்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியின் தென்பகுதி இது.

இந்தத் தார் வீதி பெரும்பாலும் பழைய வடக்குப் பாதையின் வழியையே பின்பற்றுகிறது. மன்னார்க் கரையில் இறங்கி, முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல, கெக்கிராவ, தம்புள்ளை என்று நடந்து மாத்தளையில் முடியும் பாதை. தலைமன்னாரிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 150 மைல். கோப்பிக் காலத்தில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் சீமைகளிலிருந்து புறப்பட்ட லட்சக்கணக்கானோர் இதைக் காலால் அளந்தார்கள். முழுவதையும் அளக்க முடியாமல் நடுவழியில் விழுந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் பாம்பனிலும் தோணி ஏறியவர்களைக் கடந்த அத்தியாயத்தில் மன்னார் மணலில் இறக்கிவிட்டோம். கடல் கடந்ததும் பாதித் துன்பம் தீர்ந்தது என்று அவர்களுக்கு ஊரில் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். அவர்கள் ஏன் வறட்சி மாதங்களில் நடந்தார்கள்?

மலைநாட்டில் கோப்பிப் பழம் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் சிவக்கத் தொடங்கும். தை வரை பறிப்பு. அந்த நாலைந்து மாதத்துக்குத்தான் துரைமாருக்குப் பெருந்தொகை ஆட்கள் தேவைப்பட்டார்கள். மற்ற மாதங்களில் களை வெட்டவும் கவ்வாத்து செய்யவும் கொஞ்சம் பேர் போதும். ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருப்பதைவிட, பறிப்புக்கு வரவழைத்து, பறிப்பு முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவது தோட்டக்காரனுக்கு மலிவாக இருந்தது. எனவே ஆவணி, புரட்டாசியில் ஆட்கள் மாத்தளை மலைகளுக்குக் கீழே வந்து நிற்க வேண்டும் என்று, ஆள் கட்டிக் கூட்டிவரும் கங்காணிகளுக்கு உத்தரவு போனது.

ஆனால் மன்னாரிலிருந்து தம்புள்ளை வரை வறண்ட வலயம். அங்கே பெருமழை ஐப்பசியில்தான் தொடங்கும். ஆடி, ஆவணியில் சிறு குளங்கள் வற்றி அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். பெரிய குளங்களோ நூற்றாண்டுகளாகக் கட்டுடைந்து காடு பற்றிப் போயிருந்தன. பாதையை ஒட்டியிருந்த கலாவெவ திருத்தப்பட்டதே 1887இல்தான். கோப்பி ஆட்களைக் கூப்பிட்ட காலமும் வழியில் தண்ணீர் இல்லாத காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பறிப்பு முடிந்து தை, மாசியில் திரும்பினால் மழைக்குப் பிந்திய நுளம்புக் காலம். வன்னிக் காடு முழுவதும் மலேரியா. போகும்போது தாகமும் பேதியும், திரும்பும்போது குளிர்காய்ச்சல். கோப்பிச் செடி எந்த மாதத்தில் பழுக்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது பழுக்கும் மாதம் தெரிந்த பிறகும், ஆண்டுதோறும் எத்தனை ஆயிரம் பேர் அந்த வழியில் வருகிறார்கள் என்பது தெரிந்த பிறகும், நாள்நடைத் தூரத்துக்கு ஒரு நல்ல கிணறும் ஒரு மடமும் ஏற்படுத்தத் தயங்கியது மனிதர்கள் செய்த முடிவு. இந்தத் தொடர் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான். வடக்குப் பாதையின் சாவுகளை விதி என்றும் காட்டின் கொடுமை என்றும் எழுதிக் கடந்துபோக நமக்கு உரிமை இல்லை.

ஒரு கங்காணியின் கூட்டத்தில் இருபத்தைந்து பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரன், அல்லது பக்கத்து ஊர்க்காரன். பலருக்கு உறவுமுறையும் சொல்லக்கூடியவன். ஆள் கட்டப்பட்டவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மிராசுதாரின் பண்ணையில் தலைமுறைக் கடனில் கிடந்தவர்கள், அந்தக் கடனை அடைக்க ஒரு வழி கிடைத்ததென்று நம்பிக் கிளம்பினார்கள். கள்ளர், அகம்படியர் போன்ற சாதியாரும் வந்தார்கள். ஊரில் ஒரே கிணற்றில் நீர் மொள்ள முடியாதவர்கள் எல்லாம் வழியில் ஒரே குட்டையில் குடிக்க வேண்டியிருந்தது.

அவர்களின் சுமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வழிக்கு வேண்டிய அரிசி, ஆக்குவதற்குப் பானை, உப்பு, மிளகாய், கருவாடு. ஆளுக்கு ஒரு கம்பளி. மலைக்குளிரையும் மழையையும் அறியாத தரைநாட்டு உடம்புக்கு அந்தக் கம்பளிதான் வீடு. வழியில் சுமைக்கு அடியில் சும்மாடு; இரவில் விரிப்பு; மலையேறிய பின் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி. கங்காணி கொடுத்த பொருள் அது. கொடுத்த அன்றே அதன் விலையும் ஆளின் பேரில் எழுதப்பட்டுவிட்டது. தோணிக் கூலியும் அப்படித்தான், வழியரிசியும் அப்படித்தான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மாத்தளையில் இது நமக்கு மறுபடி வேண்டும்.

விடியுமுன் நடை. வெயில் ஏறியதும் நிழல். பொழுது சாய்ந்தபின் மறுபடி நடை. யானைக்கும் கரடிக்கும் அஞ்சி இரவில் தீ வளர்த்து, அதைச் சுற்றிப் படுக்கை. தண்ணீர் இருக்கும் இடமே தங்கும் இடம். முந்திய நாள் ஒரு கூட்டம் தங்கிய அதே குட்டையில் மறுநாள் இன்னொரு கூட்டம். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதிலேயே; காலைக்கடன் கழிப்பதும் அதன் கரையில். ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால், பின்னால் வரும் பத்துக் கூட்டத்துக்கும் அந்தக் குட்டை அதைக் கொடுத்துவிடும். வாந்திபேதி தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இல் ஒரு தெருக் குழாயை வைத்து நிறுவினார். 1840களில் கொழும்பு அதிகாரிகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பசியோடும் தாகத்தோடும் நடப்பவன் நோய்க்கு முதலில் பலியாவான் என்பதற்கு விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

பேதி கண்டவருக்கு அதிக நேரம் கிடைக்காது. காலையில் சுமையோடு நடந்தவருக்கு மதியத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மாலையில் கண் குழிந்து குரல் அடைத்துவிடும். அப்போது கூட்டத்தின் முன்னால் ஒரு கொடிய கணக்கு எழுகிறது. எடுத்து வந்த அரிசி இத்தனை நாளுக்குத்தான். ஒரு நாள் காத்திருந்தால் கடைசி நாள் எல்லாருக்கும் பட்டினி. ஒரு மரத்தடியில் அவரைப் படுக்கவைத்து, ஒரு சட்டியில் தண்ணீரும் கைப்பிடி அரிசியும் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். விட்டுப் போனவர்களில் அண்ணன் தம்பி இருந்தார்கள். மாமன் மச்சான் இருந்தார்கள். வழியோரக் கிராமத்தார், தமிழரானாலும் சிங்களவரானாலும், நோய் தங்களுக்கும் தொற்றும் என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஊரிலும் வைத்தியசாலை இல்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்?

1841 முதல் 1848 வரை இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 2,72,000 பேர் என்றும், அவர்களில் 70,000 பேர் மாண்டார்கள் என்றும் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் எழுதியது. நாலில் ஒருவர். இந்தத் தொகை வந்தவர், திரும்பியவர் பதிவுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு என்பதால் அது மிகை என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். துறைமுகப் பதிவுகள் ஓட்டையானவை; வேறு துறை வழியாகத் திரும்பியவர்களும் நாட்டிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மிகை என்பவர்களாலும் சரியான எண்ணைச் சொல்ல முடியாது. எண்ணுவதற்கு யாரையும் அமர்த்தாத ஒரு பாதையில் சரியான எண் எங்கிருந்து வரும்?

இங்கே மொரிஷியசைப் பார்க்க வேண்டும். 1834இல் தொடங்கி அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் துயரமும் சிறியதல்ல. ஆனால் ஒப்பந்தம் இருந்ததால் பதிவு இருந்தது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, வந்த கப்பல். 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்று மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்தில் இருக்கின்றன. பேரன் பேத்திகள் போய்த் தேடிப் பார்க்கிறார்கள். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. இலங்கைக்கு வந்தவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. கூலிகளைக் கடல் கடத்துவதற்கு இந்திய அரசு 1839இல் விதித்த தடையிலிருந்து 1847இல் இலங்கைக்கு விலக்களிக்கப்பட்டது. பக்கத்துத் தீவு, குறுகிய கடல், ஆட்கள் தாமாகப் போகிறார்கள், தாமாகத் திரும்புகிறார்கள் என்பது காரணம். 'தாமாக' என்று ஏற்றுக்கொண்டதால் அவர்களைக் காக்கும் அதிகாரியும் இல்லை, அவர்களைக் குறிக்கும் பேரேடும் இல்லை. மலையகத் தமிழர் ஒருவர் தன் பூட்டன் எந்த ஆண்டு, எந்தக் கங்காணியோடு, எந்தத் துறையில் இறங்கினார் என்று தேடப் போனால் அவருக்குக் கிடைப்பது மொத்த எண் மட்டும்: 1844இல் 75,000க்கு மேல் வந்தார்கள் என்று.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவை ஒட்டிப் பல அமைப்புகள் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடத்தின. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவடைந்தது. மூதாதையர் நடந்த அதே வறட்சிக் காலம். வழியில் சிங்கள, முஸ்லிம், தமிழ்க் கிராமத்தார் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றார்கள். இந்த நாட்டின் அண்மைய வரலாற்றில் நான் மிக மதிக்கும் செயல்களில் அது ஒன்று. பேரேடு இல்லாத மக்கள் தங்கள் கால்களால் ஒரு பதிவை எழுதினார்கள்.

பொறுப்பு யாருடையது என்ற சண்டை அன்றே நடந்தது. பாதை அரசின் பாதை, அரசே செலவு செய்யட்டும் என்றார்கள் தோட்டக்காரர்கள். லாபம் உங்களுக்கு, செலவும் உங்களுடையது என்றது அரசு. இரு தரப்பும் வேறு வேறு ஆட்களாக இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். ஆளுநர் ஸ்டூவர்ட் மெக்கென்சி முதற்கொண்டு மூத்த அதிகாரிகள் பலர், 1840களின் நடுவில் லண்டன் தலையிட்டுத் தடுக்கும்வரை, தாங்களே முடிக்குரிய காணியை வாங்கிக் கோப்பி போட்டவர்கள். 1854இல் தோட்டக்காரர் சங்கம் கண்டியில் உருவானது. 1858இல் குடியேறும் தொழிலாளருக்கென்று ஓர் ஆணைக்குழு அமைந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. சில மடங்கள், சில கிணறுகள், சில மருத்துவ நிலையங்கள் வந்தன. தேவைக்கு அவை எந்த மூலைக்கும் காணவில்லை. தோட்டங்களில் மருத்துவ வசதிக்கான சட்டம் 1872இல்தான் வந்தது. அதற்கு முன் தோட்டத்தில் நோயில் விழுந்தவரைப் பதிவில் பேர் வெட்டி வெளியே அனுப்பிவிடுவது பல துரைமாரின் வழக்கம். அவர்கள் கண்டி வீதியோரத்தில் கிடந்து இறந்தார்கள்.

கோப்பிக் கொட்டைக்குக் கிடைத்த கவனிப்பையும் பார்த்துவிடுவோம். மலையிலிருந்து அதை இறக்க வண்டிப்பாதைகள் வந்தன, பாலங்கள் வந்தன. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடியது; 1880இல் அது மாத்தளைக்கும் வந்தது. அந்த ரயில் மாத்தளைக்குத் தெற்கே ஓடியதே தவிர, ஆட்கள் நடந்து வந்த வடக்குத் திசையில் ஓர் அடி கூட நகரவில்லை. தலைமன்னார் வரை தண்டவாளம் போனது 1914இல். கொட்டை ரயிலில் போகத் தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான், அதைப் பறிப்பவரைக் கடற்கரையிலிருந்து ஏற்றிவர ரயில் கிடைத்தது. அப்போது நாட்டில் கோப்பியே இல்லை.

தம்புள்ளை தாண்டினால் நிலம் மெல்ல உயரத் தொடங்கும். நாலந்தாவை நெருங்கும்போது காற்று மாறும். மலைகள் நீலமாகத் தெரியும். ஓடும் தண்ணீர் கண்ணில் படும். அங்கே பாதைக்குக் கிழக்கே, பல்லவர் பாணியில் கட்டப்பட்ட ஒரு பழைய கற்கோயில் அன்று வயல்களுக்கு நடுவே நின்றிருந்தது. நாலந்தா கெடிகே. மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது அதைக் கல் கல்லாகப் பெயர்த்து உயரமான இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். கோப்பிக் காலத்தில் நடந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்களோ என்னவோ. பார்த்திருந்தால் தங்கள் ஊர்க் கோயிலின் சாயல் இந்தக் காட்டில் எப்படி வந்தது என்று வியந்திருப்பார்கள்.

அதன்பின் மாத்தளை. 1840களில் அது மக்டோவல் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஒரு சிற்றூர். அரிசிக் கடைகள், துணிக் கடைகள், நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் கிட்டங்கிகள், சோனகர் கடைகள். இங்கேதான் கூட்டங்கள் பிரிந்தன. ஒரு பகுதி கிழக்கே ரத்தோட்டை, கம்மடுவ, நக்கிள்ஸ் மலைகளுக்கு. ஒரு பகுதி உக்குவளை, எல்கடுவ. மற்றவர்கள் இன்னும் 16 மைல் நடந்து கண்டி. அங்கிருந்து தும்பறை, ஹந்தானை, புசல்லாவை. ஊரில் ஒரே தெருவில் பிறந்தவர்கள் மாத்தளையில் பிரிந்து, அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே முதுமை அடைந்ததும் உண்டு.

இந்த ஊரில் அவர்கள் வைத்த முதல் பெரிய தெய்வம் முத்துமாரி. மரத்தடியில் சிறு உருவமாக வழிபட்டு வந்த இடத்துக்கு 1852இல் காணி கிடைத்தது. 1874இல் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பொருளுதவி செய்தார்கள். இன்று 108 அடி ராஜகோபுரத்தோடு நிற்கிறது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் மாத்தளை வீதிகளில் வரும்போது தோட்டங்கள் எல்லாம் காலியாகி நகரத்துக்கு வந்துவிடும். சிங்களவரும் வந்து கும்பிடுவார்கள். 1983 ஜூலை வன்செயலில் இந்தக் கோயிலும் தப்பவில்லை. மாரியம்மனை ஏன் இங்கே வைத்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அம்மைக்கும் பேதிக்கும் கொள்ளை நோய்க்கும் உரியவள் அவள். பேதிப் பாதையின் முடிவில் உயிரோடு வந்து நின்றவர்கள் வேறு யாரைக் கும்பிடுவார்கள்? மாத்தளைத் தோட்டங்களில் வயதானவர்கள் இன்றும் சொல்லும் கதைகளில், நடந்து வந்த மூதாதையர் வழியில் இழந்தவர்களின் பெயரைச் சொல்லி அம்மனுக்கு நேர்ந்துகொண்டது வருகிறது. ஏட்டில் இல்லாத பெயர்கள் சில காலம் அந்த நேர்த்தியில் வாழ்ந்திருக்கின்றன.

மலையில் அவர்களுக்காகக் காத்திருந்த காணி யாருடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியது என்று அனுமானித்தது. கண்டிய கிராமத்தான் தலைமுறையாகச் சேனை செய்த நிலத்துக்கு அவனிடம் காகிதம் ஏது? நிலம் போனது, கோப்பி வந்தது. 1847இல் கோப்பி விலை சரிந்து பல தோட்டங்கள் முழுகின. அரசு வருமானத்துக்காகப் புதிய வரிகள் போட்டது; வீதி வேலைக்கு ஆறு நாள் உழைப்பு அல்லது பணம் என்றது. 1848 ஜூலை இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிவிட்டு, கிளர்ச்சியாளர் இதே பாதையில் மாத்தளைக்கு இறங்கி அரசாங்கக் கச்சேரியைத் தாக்கினார்கள். கிளர்ச்சித் தலைவன் வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆளுநர் டொரிங்டனின் இராணுவச் சட்டம் கிராமங்களைச் சூறையாடியது. நிலம் இழந்த சிங்கள விவசாயியும் அந்த நிலத்தில் கூலி செய்ய வந்த தமிழனும் ஒரே பாதையில், ஒரே காலத்தில், ஒரே ஆட்சியால் நசுக்கப்பட்டார்கள். அந்தக் கிராமத்தானுக்குத் தன் நிலத்தில் நிற்கும் அந்நியனாகக் கண்ணில் பட்டவன் தமிழன்; துரையின் பங்களா தூரத்தில் இருந்தது. அந்தப் பார்வை நூறு ஆண்டு கழித்து 1948இல் குடியுரிமைச் சட்டமாக வந்து, தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது அதன் முழு விலையையும் கொடுத்தவர்கள் கூலியின் வாரிசுகள்.

அந்த 1847 சரிவில் கூலிகளுக்கு நேர்ந்தது வேறு வகை. முழுகிய தோட்டங்களில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவை. துரை கப்பல் ஏறிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? கையில் காசின்றி, மறுபடி அதே 150 மைல்.

இப்போது கம்பளிக் கணக்குக்கு வருவோம். ஊரில் கொடுத்த முன்பணம், தோணிக் கூலி, வழியரிசி, பானை, கம்பளி எல்லாம் சேர்ந்து மாத்தளைக்கு வந்து சேரும் நாளிலேயே ஆள் ஒவ்வொருவரும் கடனாளி. துரை கங்காணியிடம் கொடுக்கிறார்; கங்காணி ஆட்களுக்குக் கொடுக்கிறான். கைக்கு வந்தது குறைவாகவும் கணக்கில் ஏறியது கூடுதலாகவும் இருப்பது வழக்கம். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. வழியில் இறந்தவனுக்குக் கொடுத்த பற்று என்ன ஆகும்? அவனோடு வந்த உறவினர் தலையில் ஏறும். தண்ணீர் கொடுக்காத பாதைக்கு, அண்ணனைத் தின்ற பாதைக்கு, பிழைத்தவன் உழைத்துக் கடன் அடைக்க வேண்டும். கோப்பிப் பொருளாதாரம் ஆட்களைக் கொண்டுவரும் செலவை இப்படித்தான் கொண்டுவரப்பட்டவர்கள் மேலேயே சுமத்தியது. பண்ணைக் கடனிலிருந்து தப்ப நடந்தவர்கள், நடந்ததாலேயே தோட்டக் கடனில் விழுந்தார்கள்.

கடனைத் தீர்க்காமல் ஓடிப்போனால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சொல்லாமல் வேலையை விட்டவருக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை. சம்பளம் தராத துரைக்கு அப்படியொரு சிறை கிடைப்பது அரிது. தேயிலைக் காலத்தில் இந்தக் கடன் ஒரு சீட்டாக உருவெடுத்தது. துண்டு என்பார்கள். இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக்கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். கூடுதலாகக் கொடுக்கும் துரை பழைய கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கூடிய தொகை ஆட்களின் புதிய கடனாகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க முடிந்தது.

பாதை எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876–78, ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் குடும்பங்களைத் துரத்தியது. 1877 ஓராண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள். ஊருக்குத் திரும்ப ஒன்றுமில்லாதவர்கள் அவர்கள். 1869இல் கண்ட கோப்பி இலைநோய் அதற்குள் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆட்களை ஆண்டு முழுவதும் லயத்தில் வைத்துக்கொண்டது. போவதும் வருவதுமாக இருந்த மக்கள் தங்கிவிட்டார்கள். மாத்தளையில் தேயிலையோடு கொக்கோவும் றப்பரும் வந்தன. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வடக்குப் பாதை மூடப்பட்டது. நடப்பவர்கள் சாகிறார்கள் என்பதற்காக அல்ல, அவர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பதற்காக. பிறகு தூத்துக்குடி, கொழும்பு வழி; 1914இல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில்; 1917 முதல் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதனை. 1980களில் இலங்கையிலிருந்து தப்பி ஓடிய அகதிகளைத் தங்கவைத்தது இதே மண்டபம் முகாம்தான். 1977 வன்செயலுக்குப் பின் மாத்தளை, கண்டித் தோட்டங்களைவிட்டு வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்க் குடியேறியவர்கள் இதே வழியில் வடக்கே போனார்கள். அது தனி அத்தியாயமாக வரும்.

அடுத்த வாரம் கூட்டத்தோடு ரத்தோட்டைக்கு மேலே ஏறுவோம். பெருங்காட்டை வெட்டிச் சாய்த்துத் தீ வைத்த முதல் ஆண்டுகள், பிரட்டுக்களம், முதல் லயங்கள், அரிசி அளந்த படி. துரையின் சம்பளப் புத்தகத்தில் ஒரு நாள் 'பேர்' எப்படி அரைப் பேரானது என்பதிலிருந்து தொடங்கலாம்.